ஆபேரி இராகமும் தைவதச் சிக்கலும்

ஆபேரி, கருநாடக இசையில் பரவலாகப் பாடப்படும் ஒரு ஜன்னிய இராகம். இன்றைய வழக்கில் இது 22ஆவது மேளகர்த்தாவான கரகரப்பிரியாவின் ஜன்னியம். பழைய மரபிலோ இது 20ஆவது மேளத்தைச் சார்ந்தது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தைவதம் என்னும் ஒரே சுரம்.

இலக்கணம்

ஆரோகணம்: ச க2 ம1 ப நி2 ச்
அவரோகணம்: ச் நி2 த2 ப ம1 க2 ரி2 ச

ஏறும்போது ஐந்து சுரங்களும் இறங்கும்போது ஏழு சுரங்களும் வருவதால் இது ஔடவ சம்பூரண இராகம். மேலே தரப்பட்டுள்ளது இன்றைய வழக்கு. இதில் சதுச்ருதி தைவதம் (த2) வருகிறது. இந்துஸ்தானி இசையின் பீம்பலாசி இதற்கு மிக நெருங்கியது. இதே வடிவைக் கருநாடக தேவகாந்தாரி என்று அழைப்போரும் உண்டு. பழைய ஆபேரியில் வருவது சுத்த தைவதம் (த1). ஆர்மோனியத்தில் இவ்விரண்டுக்கும் ஒரு கட்டைதான் வேறுபாடு.

இரு வழக்குகள்

சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி, முத்துசுவாமி தீட்சிதரின் ‘வீணாபேரி’ கிருதியைச் சுத்த தைவதத்துடன் தருகிறது. தியாகராசரின் ‘நகுமோமு’ கிருதியும் தொடக்கத்தில் அவ்வாறே பாடப்பட்டது என்று இசையறிஞர் பலர் கருதுகின்றனர். முசிரி சுப்பிரமணிய ஐயர் சதுச்ருதி தைவதத்துடன் பாடிய இசைத்தட்டு பெரும்புகழ் பெற்றபின், அவ்வடிவமே நிலைத்தது. மைசூர் வாசுதேவாச்சாரியாரின் ‘பஜரே மானச’ கிருதியும் இவ்வடிவில்தான் பாடப்படுகிறது. கொஞ்சும் சலங்கை (1962) திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுவரமும் இணைந்த ‘சிங்கார வேலனே தேவா’, இவ்வடிவத்தைக் கச்சேரிக்குச் செல்லாதவர்களிடமும் கொண்டு சேர்த்தது.

மதிப்பீடு

சுத்த தைவதம் பஞ்சமத்தை ஒட்டி நிற்பது. இறங்கும்போது அது பஞ்சமத்தின் மேல் சாய்ந்து விழுகிறது. அதில் ஏக்கம் தொனிக்கிறது. சதுச்ருதி தைவதத்தில் இறக்கம் தளர்வாகவும் இனிமையாகவும் அமைகிறது. ‘நகுமோமு’ இராமனின் சிரித்த முகத்தைக் காணாதவரின் முறையீடு. விண்ணுக்கும் மண்ணுக்கும் தொலைவு அதிகம் என்று கருடன் சொல்லிவிட்டானோ என்றுகூட அது கேட்கிறது. இப்பொருளுக்குப் பழைய தைவதமே பொருத்தம் என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆயினும் புதிய வழக்கைப் பிழை என்று ஒதுக்குவதும் முறையன்று. முசிரியின் பாட்டில் முறையீடு சிறிதும் குறையவில்லை. தைவதம் தராத உருக்கத்தை அவர் சொற்களை நிறுத்தியும் நெகிழ்த்தியும் பாடிய முறை தந்தது. உருக்கம் சுரத்தானத்தில் மட்டும் இல்லை, பாடுமுறையிலும் இருக்கிறது என்பதற்கு அது சான்று.

இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. புதிய வடிவம் பழைய பெயரையும் எடுத்துக்கொண்டதால், சுத்த தைவத ஆபேரி ஏறக்குறைய மறக்கப்பட்டது. இன்று யாரேனும் ‘நகுமோமு’வை அவ்வாறு பாடினால், அபசுரம் என்று எண்ணுவோரும் உண்டு. இராகம் பயிலும் மாணவர் ‘வீணாபேரி’யையும் ‘நகுமோமு’வையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரு கட்டை மாறும்போது இராகத்தின் முகமே மாறுவதை உணரலாம். ஆரோகண அவரோகணத்தை மனப்பாடம் செய்வதால் மட்டும் அது புலப்படாது.