மலையைப் பாருங்கள், கோட்டை அப்புறம்

நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீடுகளில், படிகளுக்குக் கீழே பார்க் கட்டுவது பிள்ளைகளின் பொறுப்பு. செம்மண்ணைப் பரப்பி, கடுகும் வெந்தயமும் தூவி முளைக்கவிட்டு, மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிப் புல்வெளி போட்டு, நடுவில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்தால் குளம் தயார். கேளம்பாக்கம் பக்கத்து அடுக்குமாடிகளில் இப்போது அந்த இடத்துக்கு லெகோ பிளாக்குகளும் வந்துவிட்டன. பறக்கும் தீவு, மலைமேல் கோட்டை, நாகம் காக்கும் குகை, அருவிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஊர் என்று கற்பனை போகும் தூரம் பெரிது. நாமோ சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டு "ரொம்ப அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த உழைப்புக்கு இன்னும் கொஞ்சம் கண் கொடுக்க வேண்டும்.

யாருக்கும் பார்வை முதலில் கோட்டைமேல்தான் போகும். அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். கோட்டைச் சுவர் நேர்க்கோடு, பிளாக்கும் நேர்க்கோடு. இரண்டுக்கும் சண்டையே இல்லை. நிலம் அப்படியல்ல. சரிவு, பள்ளம், பாறை, ஓடை எதிலும் நேர்க்கோடு கிடையாது. கட்டியவரின் திறமை தெரிவது அங்கேதான்.

ஒரு சரிவை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள். பிளாக்கின் தலையில் இருக்கும் குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடைவெளி 8 மி.மீ. மெல்லிய பிளேட்டின் உயரம் 3.2 மி.மீ.; மூன்று பிளேட் சேர்ந்தால் ஒரு பிளாக், 9.6 மி.மீ. ஒவ்வொரு பிளேட்டுக்கும் ஒரே அளவு பின்வாங்கிக்கொண்டே போனால் மாடிப்படிதான் வரும். நல்ல கை ஓரிடத்தில் ஒரு குமிழ் பின்வாங்கும், அடுத்து மூன்று, பிறகு சட்டென்று செங்குத்தாக ஏறும். அந்த ஒழுங்கின்மையில்தான் மேடு மேடாகத் தெரிகிறது.

செங்குத்துப் பாறையில் குமிழே கண்ணில் படவில்லையா? பிளாக்குகளைப் பக்கவாட்டில் படுக்கவைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஐந்து பிளேட் உயரம் 16 மி.மீ.; இரண்டு குமிழ் அகலமும் 16 மி.மீ. இந்த ஒரு கணக்கு பொருந்துவதால்தான், படுத்திருக்கும் பிளாக்கும் நிற்கும் பிளாக்கும் இடுக்கில்லாமல் சேர்கின்றன. எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

அடுத்தது அளவு. லெகோ மனிதப் பொம்மையின் உயரம் ஏறத்தாழ 4 செ.மீ. மலை 30 செ.மீ. என்றால், அந்த உலகத்தில் அது ஏழரை ஆள் உயரம்தான். வளர்ந்த தென்னை அதைவிட உயரம்! அதனால் கண்ணை ஏமாற்றியே ஆக வேண்டும். அடிவாரத்தில் பெரிய மரம், உச்சிக்குப் போகப்போக ஒற்றைக் குமிழ் அளவுக்குச் சுருங்கும் செடி, அங்கே கதவுகூட வைக்க முடியாத குட்டி வீடு, கொஞ்சம் வெளிறிய நிறம். இந்த ஏமாற்று வேலையை நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. தரையில் உட்காருங்கள். போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸைப் பொம்மையின் முக உயரத்துக்குக் கொண்டுபோய் ஒரு படம் எடுங்கள். மலை வளர்ந்துவிடும்.

பாறைக்கு வெறும் சாம்பல் நிறம் போதாது. மழைநீர் வழியும் தடத்தில் கறுப்பு, மண் தங்கும் வெடிப்பில் பழுப்பு, அதில் ஒட்டிக்கொண்டு ஒரு துளிப் பச்சை இருக்க வேண்டும். திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகும் வழியில் எந்தக் குன்றைப் பார்த்தாலும் இது புரியும்.

இதையெல்லாம் கற்க நம் பக்கத்திலேயே ஒரு பெரிய பாடசாலை இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய்த் தெற்கே திரும்பினால் மாமல்லபுரம். அங்கே 7ஆம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் செதுக்கிய புடைப்புச் சிற்பத்தை அர்ச்சுனன் தபசு என்பவர்களும் உண்டு, கங்கை இறங்கி வருவது என்பவர்களும் உண்டு. ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள கற்பனை நிலம் அது. பாறையில் இயற்கையாகவே இருந்த பிளவை ஆறாக்கி, அதில் நாகர்களை நீந்தவிட்டார்கள். மேலே தொட்டியில் நீர் தேக்கி அந்தப் பிளவு வழியே விழச் செய்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. தேவர், முனிவர், மிருகம் எல்லாம் பெரும்பாலும் அந்தப் பிளவை நோக்கியே திரும்பியிருக்கின்றன. யானையின் பக்கத்தில் ஒரு பூனை தவம் செய்கிறது, காலடியில் எலிகள். பெரிய கதை நடக்கும்போதே மூலையில் ஒரு சின்னக் கதை.

கொலுவில் இருக்கும் பிளாக் மலையிலும் இதையே தேடுங்கள். தண்ணீர் எங்கே பிறக்கிறது, எங்கே போய்ச் சேர்கிறது? ஒளி ஊடுருவும் நீலத் துண்டுகள் அருவியிலிருந்து குளம்வரை விட்டுப்போகாமல் வருகின்றனவா? விழும் இடத்தில் நுரைக்கு வெள்ளை இருக்கிறதா? பொம்மைகள் எதைப் பார்க்கின்றன? தவம் செய்யும் பூனை எந்த மூலையில்?

கடைசியாக, கட்டிய பிள்ளையிடம் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மலையின் உள்ளே பெரும்பாலும் வெற்றிடம். வெளியே பயன்படாத சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு பிளாக்குகளெல்லாம் தூண்களாக நின்று பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். எந்தத் தூண் எத்தனை முறை சரிந்தது என்று அந்தப் பிள்ளை சொல்ல ஆரம்பித்தால், அடுத்த வீட்டுக் கொலுவுக்கு நீங்கள் தாமதமாகத்தான் போவீர்கள்.