ஆளில்லாத் தீவு என்னும் கற்பனையும் நயினாதீவுக் கல்வெட்டும்

நயினாதீவைப் பற்றி வரும் பயணக் கட்டுரைகள் அநேகமாக ஒரே அச்சில் வார்த்தவை. குறிகட்டுவானில் போட் ஏறுவார்கள், கடலைப் பார்த்து மெய்மறப்பார்கள், நாகபூசணி அம்மன் கோயிலையும் நாகவிகாரையையும் பார்த்துவிட்டுப் பின்னேரம் திரும்புவார்கள். நடுவில் ‘உலகம் மறந்த தீவு’ என்கிற தோரணையில் ஒரு வரி. அங்கே பள்ளிவாசலும் முஸ்லிம் குடிகளும் உண்டென்பது பெரும்பாலும் விடுபட்டுப் போகும். தனிமையைத் தேடிப் போனவருக்குச் சனம் இடைஞ்சல்தானே!

இந்த மயக்கம் நமது மரபிலும் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் அந்தலூசிய அறிஞர் இப்னு துஃபைல் எழுதிய ‘ஹய் இப்னு யக்ழான்’ ஒரு தீவுக் கதை. பெண்மான் பாலூட்டி வளர்த்த பிள்ளை, போதிப்பார் யாருமின்றிச் சிந்தித்தே இறைவனை அறிகிறான். பிறகு மனிதர் வாழும் தீவுக்குப் போய்ச் சொல்லிப் பார்க்கிறான்; எடுபடவில்லை. திரும்பி வந்துவிடுகிறான். அந்தத் தீவு அவனுக்கு எல்லாவற்றையும் கொடுத்தது.

மணிமேகலை சொல்லும் மணிபல்லவம் அப்படியில்லை. (அது நயினாதீவுதான் என்பார் பலர், அந்த வழக்கு இங்கே வேண்டாம்.) கப்பல் விட்டுப்போன ஆபுத்திரன் கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி இருக்கிறது. ஊட்டுவதற்கு ஓர் ஆள் இல்லை. பாத்திரத்தைப் பொய்கையில் விட்டுப் பட்டினி கிடந்து உயிர் விடுகிறான். தனிமையின் கொடுமையை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன தமிழ்க் காப்பியக் காட்சி எனக்குத் தெரியாது.

இவற்றுக்கு நடுவே வைத்து வாசிக்க வேண்டியது முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு. இப்னு துஃபைலின் அதே நூற்றாண்டு. அம்மன் கோயிலில் இருக்கும் இதைக் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறைக்கு வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் பண்டாரத்துக்குக் கால்பங்கு, முக்கால் உடையவனுக்கு. வணிகச் சரக்கென்றால் சரிபாதி. மன்னனுக்கு மிருகங்கள் தேவை. அதனால் அவற்றுக்குச் சலுகை. ஒதுங்கிக் கிடந்த கடலுக்கு யாரும் இப்படிக் கணக்கு எழுதமாட்டார்கள்.

அந்நாளைய குதிரை வணிகத்தில் அரபிகளின் கை ஓங்கியிருந்தது. ஆனால் கல்வெட்டு எந்தச் சமயத்தாரையும் பெயர் சொல்லவில்லை. எனவே இதைச் சோனகர் வரலாற்றுக்குச் சான்றிதழாகத் தூக்கிப் பிடிப்பதும் சரியில்லை. நம்மவர் சிலர் அந்த அவசரத்தில் இருக்கிறார்கள். தீவின் முஸ்லிம்களைப் பற்றி எழுத வேண்டுமானால் அங்கே போய் நாலு நாள் தங்கி, பள்ளிப் பதிவுகளையும் உறுதிகளையும் பார்த்து, காற்றுக் காலத்தில் போட் ஓடாத இரவில் நோயாளியை எப்படிக் கரை சேர்க்கிறீர்கள் என்று கேட்டு எழுதட்டும்.