பதினாறு வாரத்தோடு முடிகிறதா காவல் நாயின் படிப்பு?

ரேமண்ட் காப்பிஞ்சரும் லோர்னா காப்பிஞ்சரும் 2001இல் வெளியிட்ட 'டாக்ஸ்' நூலை, ஆட்டுக்காவல் நாய்களைப் பற்றிய பகுதிக்காகவே வாங்கினேன். மாசசூசெட்ஸில் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் இருந்துகொண்டு மரெம்மா, அனடோலியன் போன்ற நாய்களை அமெரிக்கப் பண்ணைகளுக்குக் கொடுத்து, என்ன ஆயிற்று என்று வருடக்கணக்கில் குறித்து வைத்தவர்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய புத்தகம் இல்லை இது.

அவர்கள் வாதம் ரொம்ப எளிது. காவல் நாய்க்குக் கட்டளை எதுவும் கற்றுத்தர வேண்டாம். ஏறக்குறைய பதினாறு வார வயதுக்குள் குட்டி யாரோடு வளர்கிறதோ அவர்களைத்தான் தன் இனமாக நினைக்கும். அந்த நாட்களில் ஆட்டோடு விடுங்கள், அவ்வளவுதான்.

இதற்குப் பழைய சாட்சி டார்வின். 1833இல் இன்றைய உருகுவேயில் பார்த்ததை எழுதியிருக்கிறார். நாய்க்குட்டியைச் சின்னதிலேயே தாயிடமிருந்து பிரித்து, ஒரு பெட்டை ஆட்டைப் பிடித்து நிறுத்தி தினம் மூன்று நான்கு முறை பால் குடிக்கவிடுவார்களாம். பட்டிக்குள் கம்பளியால் படுக்கை. வேறு நாய்களோடும் வீட்டுப் பிள்ளைகளோடும் சேரவிடுவதில்லை.

சரி, ஆனால் பதினாறு வாரத்துக்குப் பிறகு? என் குறை இங்கேதான். ஏழெட்டு மாதத்தில் நாய் வாலிபமாகிறது. ஆட்டைத் துரத்தும், காதைக் கடிக்கும், கம்பளியைப் பிடித்து இழுக்கும். எல்லாம் சும்மா விளையாட்டுக்குத்தான், ஆனால் அந்த விளையாட்டில் குட்டி செத்துப்போகும். எல்லாம் குட்டிப் பருவத்திலேயே முடிவாகிவிட்டது என்று நம்பிய பண்ணைக்காரர் என்ன நினைப்பார்? 'இது வேட்டை நாய்தான், வளர்ப்பு தோற்றுப்போச்சு' என்றுதான். நாயைத் திருப்பி அனுப்புவார், இல்லையென்றால் சுடுவார். நிஜத்தில் அது தேறக்கூடிய நாயாக இருக்கலாம். குட்டி ஈனும் காலத்தில் தள்ளி வைத்து, முட்டித் தள்ளத் தயங்காத பெரிய ஆடுகளோடு விட்டு, துரத்தும்போதே அதட்டி, இரண்டு வயது வரை கண்காணித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். என் துறையில் சொன்னால், இன்ஸ்டாலேஷன் முடிந்ததுமே சப்போர்ட்டை நிறுத்துகிற கதை. நூலில் வாலிபப் பருவத்துக்குக் கிடைக்கிற இடம் எனக்குப் போதவில்லை.

இதே தர்க்கத்தை நீட்டி, 'மனிதர் தொடவே கூடாது' என்று சொல்பவர்களும் உண்டு. அது சரிப்பட்டு வராது. கையில் பிடிபடாத நாற்பது ஐம்பது கிலோ நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி யார் போடுவது? காலில் முள் ஏறினால் யார் எடுப்பது?

டார்வினின் குறிப்பையே இன்னொரு முறை படித்தால் பதில் அங்கேயே கிடக்கிறது. வளர்ந்தபின் மற்ற நாய்களோடு ஒட்டக்கூடாதென்று பெரும்பாலும் காயடித்துவிடுவார்கள் என்கிறார். ஆக அந்த மேய்ப்பர்கள் பால்குடியை மட்டும் நம்பவில்லை. அந்த நாய் தினமும் இறைச்சிக்காக வீட்டுக்கு வரும். வீட்டு நாய்கள் விரட்டும், கூச்சத்தோடு வாங்கிக்கொண்டு ஓடும். மந்தையை எட்டியதும் திரும்பி நின்று குரைக்கும். விரட்டி வந்த நாய்கள் வந்த வழியே ஓடும்.