இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒரு ஹார்ன்

பித்தளை வாத்தியம் வாசிக்கிற பிள்ளைக்கு இண்டர்லாக்கனைவிட நல்ல இடம் உண்டு என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் வடக்கே கிரீன் லேக், டக் லேக் என்று இரண்டு ஏரிகள்; நடுவில் பைன் காடு. ஜோசப் மேடி 1928-இல் தொடங்கிய கோடை இசை முகாம் அந்தக் காட்டுக்குள்தான் இருக்கிறது. பள்ளி நாட்களில் அங்கே ஃபிரெஞ்ச் ஹார்ன் வாசித்த கோடைகளை நினைத்தால் இன்றைக்கும் உதடு துறுதுறுக்கிறது.

ஹார்ன் லேசுப்பட்ட வாத்தியம் இல்லை. எஃப் பக்கக் குழாயை நிமிர்த்தினாலே சுமார் 12 அடி வரும். மேல் ஸ்தாயியில் ஸ்வரங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். விரல் அதே இடத்தில் இருக்க, உதடு மயிரிழை இறுகினாலும் பக்கத்து ஸ்வரம் பேசிவிடும். வலது கையை வாத்தியத்தின் வாய்க்குள் எவ்வளவு கொடுக்கிறோமோ அதற்கேற்ப நாதமும் சுருதியும் மாறும். இப்படிப்பட்ட வாத்தியத்தை அண்டை வீட்டாருக்குப் பயப்படாமல் மணிக்கணக்கில் ஊத முடிகிற சுகம் இருக்கிறதே!

சாதகத்துக்கென்றே மரங்களுக்கிடையே சின்னச் சின்னக் குடில்கள். ஒன்றில் ஓபோ, அடுத்ததில் செல்லோ, தள்ளி எங்கோ டிராம்போன். ஜூன் மாதத்திலும் காலையில் குளிரும். காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கிவிடும் என்பதால், சத்தம் எழுப்பாமல் சூடான மூச்சைக் குழாய்க்குள் ஊதிக்கொண்டிருப்போம். கொஞ்ச நேரத்தில் உள்ளே நீர் கோத்துக்கொண்டு களகளக்கும். ஹார்னை இப்படியும் அப்படியும் சுழற்றி, குட்டிக் குழாய்களை உருவி, பைன் சருகுகள்மேல் நீரை உதறிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். பித்தளையும் வால்வு எண்ணெயும் பைன் பிசினும் கலந்த அந்த வாசனைக்கு எந்த அத்தரும் ஈடில்லை.

ஹோவர்ட் ஹான்சனின் இரண்டாம் சிம்பொனியிலிருந்து ஒரு பகுதி அங்கே முகாமின் கீதமாகவே ஆகிவிட்டது. கச்சேரி முடிவில் அதை வாசிப்பார்கள்; பிறகு யாரும் கைதட்டக் கூடாது. பாஸ்டன் சிம்பொனியின் 50-ஆம் ஆண்டுக்காக எழுதப்பட்டு 1930-இல் அரங்கேறிய படைப்பு, அழகு கொட்டிக் கிடக்கும்.

என் உயிர் மட்டும் லிஸ்ட்டின் 'லே ப்ரெலூத்'தில். கோடையை முடித்துவைக்கும் படைப்பு அது. நடுவில் நான்கு ஹார்ன்களும் வயோலாக்களும் சேர்ந்து குழையும் காதல் பகுதி வரும்போது, பக்கத்து நாற்காலிக்காரர் மூச்செடுப்பது காதில் விழும். நாமும் அதோடு மூச்செடுப்போம். நான்கு பேர் ஒரே நாதமாகும் அந்தக் கணத்துக்காகவே ஹார்ன் கற்றுக்கொள்ளலாம். கடைசியில் டிரம்பெட், டிராம்போன், டியூபா என மொத்தப் பித்தளையும் எழுந்து முழங்கும்போது காலடிப் பலகை அதிரும், உடம்பெல்லாம் சிலிர்க்கும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை பள்ளி பேண்டில் ஏதாவது ஊதிக்கொண்டிருந்தால், தயவுசெய்து ஒரு கோடையாவது இப்படியொரு முகாமுக்கு அனுப்பிவையுங்கள். வாத்தியம் இன்னும் முடிவாகவில்லையா? ஹார்னைக் கையில் கொடுங்கள்!