புனர்ஜென்மத்தை மறுத்தவர் சாதியை ஏன் தொடவில்லை?

ராபர்ட் தெ நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலிய ஏசுசபைத் துறவி. காவி கட்டி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு, தத்துவ போதகர் என்ற பெயரோடு அவர் இங்கே வாழ்ந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். அவருடைய உரைநடை பற்றியும் நிறையப் பேசியாச்சு. இங்கே நான் பார்க்க நினைப்பது ஒண்ணே ஒண்ணு: கடவுளின் தீர்ப்பு பற்றி அவர் சொன்னதும், அவர் நடத்திக் காட்டிய பக்தி வாழ்க்கையும் ஒத்துப்போகுதா?

மறுபிறவிக் கொள்கையை மறுத்து அவர் எழுதிய நூல் புனர்ஜென்ம ஆக்ஷேபம். ஏன் அவ்வளவு மெனக்கெட்டார்? கிறிஸ்தவ வேதத்தின்படி மனுஷனுக்கு ஒரே வாழ்க்கை, ஒரே சாவு, பிறகு தீர்ப்பு. பிறவிகள் தொடர்ந்துகொண்டே போனால் இந்தக் கணக்கு நிற்காது. இதில் இன்னொரு நியாயமும் இருக்கு. என்ன தப்புக்குன்னு தெரியாமல் அனுபவிக்கிற தண்டனை யாரையும் திருத்தாது. என் தொழில் பாஷையில் சொன்னால், புரோகிராம் நின்னுபோச்சு, லாக் ஃபைலைத் திறந்தால் ஒரு வரிகூட இல்லை. எதைத் திருத்துவது?

வேதமும் இந்தப் பக்கம்தான் நிற்குது. யோவான் 9-ஆம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைப் பார்த்த சீடர்கள், இது இவன் செய்த பாவமா, பெத்தவங்க செய்த பாவமா என்று கேட்கிறார்கள். இயேசு இரண்டையும் மறுத்துவிடுகிறார்.

இதன் விளைவை யோசிச்சுப் பாருங்க. பிறப்பு என்பது முன்வினைக்குக் கிடைத்த தீர்ப்பு இல்லை என்றால், தாழ்ந்த பிறப்பு என்று ஒண்ணு இருக்க முடியாது. சாதிக்குச் சொல்லப்பட்ட பெரிய நியாயமே அங்கே சரிந்துவிடுகிறது. ஆனால் நொபிலி அந்த அடியை எடுத்து வைக்கவில்லை.

அவருக்கு முன்பே மதுரையில் கொன்சாலோ ஃபெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசிய ஏசுசபையார் பரதவர்களுக்காகக் கோயில் வைத்திருந்தார். நொபிலி அவரை விட்டு விலகித் தனியாக வாழ்ந்தார். சாதி சமூக வழக்கம், சமயம் அல்ல என்பது அவர் வாதம். 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனத்துக்கு அனுமதி கொடுத்தார். பிறகு 1640 வாக்கில், மற்ற சாதியாருக்காகப் பண்டாரசாமிகள் என்று தனிக் குருக்கள் வந்தார்கள்.

அவர் பக்க நியாயத்தையும் சொல்லணும். பறங்கிகளின் மதம் என்ற பெயரோடு அன்றைய மதுரையில் யாரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள். வெளிநாட்டு உடையும் பழக்கமும் ஏறினால்தான் விசுவாசி என்ற கர்வத்தை அவர் உடைத்தார். அது பெரிய காரியம், சந்தேகமில்லை.

ஆனால் மத்தேயு 25-ல் வருகிற தீர்ப்புக் காட்சியோடு வைத்துப் பார்த்தால் இடிக்குது. அங்கே கேட்கப்படுவது ஆசாரம் அல்ல. பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தாயா, அந்நியனை வீட்டில் சேர்த்தாயா? யாரோடு சாப்பிடலாம், யாரைச் சேர்க்கலாம் என்பதில்தான் சாதியே இருக்கு. அதைச் சமூக வழக்கம் என்று ஒதுக்கினால், தீர்ப்பு நாளின் கேள்விகளையே ஒதுக்கினதாகத்தான் ஆகும்.

இது பழங்கதை இல்லை. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரிக்கும் சுவர் இந்தக் காலத்திலும் போராட்டத்துக்குக் காரணமானது. ஒரே தீர்ப்புக்காக உயிர்த்தெழக் காத்திருப்பதாக நம்பப்படுகிறவர்கள் நடுவில் ஒரு சுவர்! அதை நொபிலி கட்டவில்லை. ஆனால் சமூக வழக்கம்தானே என்ற அந்தப் பதில் இன்னமும் அதற்கு முட்டுக் கொடுக்குது.

மத்தேயுவின் காட்சியில் மேய்ப்பன் செம்மறியையும் வெள்ளாட்டையும் பிரிப்பது கடைசியில்தான். அதுவரைக்கும் இரண்டும் ஒரே மந்தையாகத்தான் மேயுது, நம்ம பக்கத்து ஆட்டுக் கிடைகளில் பார்க்கிற மாதிரியே. பிரிக்கிற வேலை மேய்ப்பனுடையது. ஆடுகளுக்கு அதில் என்ன வேலை?