காகிதத்தில் பிறந்த மூடுபனி

மிக மெல்லிய டிரேசிங் காகிதம் ஒன்றை ஓவியத்தின்மீது படியவைத்து ஒரு படம் எடுத்து, காகிதத்தை மயிரிழையளவு உயர்த்தி மற்றொரு படம் எடுத்து, இவ்விதமே அதைக் காமிராவின் கண்ணை நோக்கிச் சிறிது சிறிதாக எழுப்பிக்கொண்டே போனால், ஓவியத்தோடு ஒட்டியிருந்தபோது தெளிவாய்த் தெரிந்த உருவம் மெல்ல மங்கிக் கரைந்து, கடைசியில் வெண்மையொன்றே எஞ்சி நிற்கும். மாஸ்கோவின் சோயுஸ்முல்ட்ஃபில்ம் சித்திரப் பட நிலையத்தில் இயக்குநர் யூரி நோர்ஷ்டைன் மூடுபனியைச் சிருஷ்டித்தது இந்த எளிய உபாயத்தால்தான். அதை அறிந்த பிறகும், 1975இல் வெளிவந்த அவருடைய 'மூடுபனியில் முள்ளெலி'யை மறுபடி பார்க்க உட்காரும்போது, காகிதம் என் கண்ணுக்குத் தட்டுப்படுவதேயில்லை, பனிதான் வருகிறது, அதன் ஈரம் கன்னத்தில் படுகிறது.

ஸெர்கேய் கோஸ்லோவ் எழுதிய சிறுவர் கதை அது. பத்தே நிமிஷப் படம். தன் சிநேகிதனான கரடிக்குட்டியோடு உட்கார்ந்து தேநீர் அருந்தி நட்சத்திரங்களை எண்ணுவதற்காக, ராஸ்பெரி ஜாமை மூட்டையாகக் கட்டிக்கொண்டு மாலைதோறும் போகும் முள்ளெலி, ஒரு நாள் வழியில் பனிக்குள் நிற்கும் வெள்ளைக் குதிரையைக் கண்டு, அது படுத்து உறங்கினால் பனியில் மூச்சுத் திணறிவிடுமோ என்று கவலைப்பட்டு, அந்த வெண்மைக்குள் தானே இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு கதை என்று சொல்ல அதிகமில்லை. சுழன்று விழும் ஒற்றை இலை. கையிலுள்ள குச்சி திடீரெனத் தட்டி நிற்கும் மாபெரும் மரம். அருகில் வந்து விலகும் யாருடையவோ மூச்சு. கண்ணுக்கு எட்டாதது எல்லாம் பயம் தருகிறது. பயம் தருவதெல்லாம் அழகாகவும் இருக்கிறது. அச்சத்தையும் அற்புதத்தையும் ஒரே ரஸமாகக் கலந்து, அதைக் குழந்தை அருந்தக்கூடிய பதத்தில் கொடுத்தவர் சித்திரப் படக் கலையில் நோர்ஷ்டைனைப்போல் இன்னொருவர் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதற்குக் காரணம் அவர் காற்றைத் தீட்டக் கற்றவர் என்பதே. ஒன்றன்மேல் ஒன்றாக இடைவெளி விட்டு அமைத்த கண்ணாடித் தட்டுகளில், உச்சியிலிருந்து காமிரா கீழ்நோக்க, மரம் ஒரு தட்டிலும் மிருகம் ஒரு தட்டிலும் தொலைவானம் அடித்தட்டிலுமாகக் கிடக்கும்போது, தட்டுக்கும் தட்டுக்கும் இடையேயுள்ள வெறும் வெளியே ஆழமாகவும் தூரமாகவும் நமக்குத் தோன்றுகிறது. உருவங்களை வரைந்து தருபவர் அவருடைய மனைவி பிரான்செஸ்கா யார்பூஸவா. கண், மூக்கு, பாதம் என்று தனித்தனியே கத்தரித்த அந்தத் துண்டுகளை, பொற்கொல்லர் மணியெடுக்கும் பாங்கில், சாமணத்தால் சற்றே நகர்த்திச் சற்றே நகர்த்தி, விநாடிக்கு 24 படங்களாக ஓடும் திரையில் அந்த ஜீவன் தலை திருப்பவும் மூச்சு வாங்கவும் செய்கிறார் நோர்ஷ்டைன். ஆற்றில் மட்டும் உண்மையான நீரையே படம்பிடித்துச் சேர்த்தார்கள். வேறு கைகளில் ஒட்டாமல் துருத்தியிருக்கக்கூடிய அந்தச் சேர்க்கை, இங்கே காகித முள்ளெலியை மல்லாந்தபடி சுமந்துகொண்டு வெகு இயல்பாக ஓடுகிறது.

நோர்ஷ்டைன் 1941இல், யுத்தத்தால் குடும்பம் இடம்பெயர்ந்திருந்த பென்ஸா பிரதேசத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, மாஸ்கோவின் மாரினா ரோஷா பகுதியில் வளர்ந்தவர். சித்திரப் பட நிலையத்துக்கு வருவதற்குமுன் மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். விரலின் பொறுமையை அங்கேதான் பழகினாரோ என்று நான் எண்ணுவதுண்டு. அந்த யுத்தத்தின் நிழல்தான் 1979இல் அவர் முடித்த 'கதைகளின் கதை'யில் படிகிறது. விளக்கடியில் ஜோடிகள் டாங்கோ ஆடிக்கொண்டிருக்கின்றன. இசை ஒரு கணம் தடுக்குகிறது. ஓர் ஆடவன் மறைந்துவிடுகிறான். அணைத்திருந்த கை வெறுமையைப் பிடித்தபடி நிற்கிறது. மறுபடி தடுக்கல், மறுபடி ஒருவன் இல்லை. துப்பாக்கியோ ரத்தமோ காட்டாமல், ஒரு தேசத்தின் விதவைகள் அத்தனை பேரையும் இப்படிக் கண்முன் நிறுத்திய வேறு காட்சியை நான் கண்டதில்லை. 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கையொட்டி நடந்த வாக்கெடுப்பில் உலகின் தலைசிறந்த சித்திரப் படமாக அது தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்தப் பெருமை இல்லாவிட்டாலும் அதற்குக் குறைவொன்றுமில்லை.

1981இல் அவர் கோகோலின் 'மேல்கோட்டு' கதையைக் கையில் எடுத்தார். வேலை மெதுவாக நடக்கிறது என்று 1980களின் நடுவில் நிலையம் அவரை வெளியேற்றியது. நெடுநாள் துணைவரான ஒளிப்பதிவாளர் அலெக்ஸாந்தர் ஷுகோவ்ஸ்கி 1999இல் காலமானார். பல பத்தாண்டுகள் கடந்தும் படம் முடிந்தபாடில்லை. இதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெளிவந்திருக்கும் கறுப்புவெள்ளைத் துண்டுகளில், கதையின் நாயகனான ஏழைக் குமாஸ்தா அக்காகி தன் அறையில் உட்கார்ந்து, பேனாவை மையில் தோய்த்து எழுத்துக்களைப் பிரதி செய்கிறார். எழுத்தின் வளைவோடு வளைவாக அவருடைய உதடும் அசைகிறது. எழுத்து நன்றாக அமைந்துவிட்டால், சுருக்கம் விழுந்த அந்த முகத்தில் குழந்தையின் சந்தோஷம் ஒன்று மெல்லப் படர்கிறது.