தேடாமல் ‘இல்லை’ எனலாமா?

நெல்லை மாவட்டத்துத் திசையன்விளை, இட்டமொழிப் பக்கத்துப் பனங்காடுகளில் பதநீர் இறங்கும் மாதங்களில், இருட்டியதும் பழந்தின்னி வௌவால்கள் கலயத்தைத் தேடி வரும். விடிகாலையில் பனைக்கடியில் ஒரு வௌவால் பறக்க முடியாமல் கிடந்தால் பிள்ளைகள் குச்சியால் புரட்டிப் பார்ப்பார்கள். பெரியவர் ஒருவர் அதன் இறக்கையைப் பிடித்துத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிவார். அவர் விரலில் பல் பட்டுவிட்டால் ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டுமா, வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு இரண்டு அதிகாரபூர்வப் பதில்கள் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. வௌவாலின் கடியையும் கீறலையும் உலக சுகாதார நிறுவனம் மிகக் கடுமையான மூன்றாம் வகையில் வைக்கிறது. காயத்தைக் கழுவி, தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பொருளும் கொடுக்கச் சொல்கிறது. இந்திய வழிகாட்டு நெறிகளோ, ‘இந்தியாவில் வௌவால் ரேபிஸ் உறுதியாக நிரூபிக்கப்படவில்லை, ஆகவே சிகிச்சை தேவையில்லை’ என்ற நிலைப்பாட்டையே நெடுங்காலம் கொண்டிருந்தன. இதன் முதல் பாதி உண்மை. அதிலிருந்து இரண்டாம் பாதிக்குத் தாவுவதுதான் பிழை. போதுமான அளவு தேடிப் பார்த்த பிறகு ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று சொன்னால் அது சான்று. தேடாமல் சொன்னால் அது வெறும் அறியாமை.

நாம் எவ்வளவு தேடியிருக்கிறோம்? சண்டிகரில் ஒரு பழந்தின்னி வௌவாலிடம் ரேபிஸ் கண்டதாக 1980-இல் ஓர் ஆய்வுக் குறிப்பு வெளியானது. அதில் சொல்லப்பட்ட இனம் கிழக்கு ஆஸ்திரேலியாவில் மட்டுமே வாழும் சாம்பல்தலைப் பழந்தின்னி. எந்த விலங்கு என்பதிலேயே தடுமாறும் குறிப்பை ஆதாரமாகக் கொள்ள முடியாது. அடுத்தது நாகாலாந்து. குகைகளில் வௌவால் அறுவடை செய்யும் மக்களுள்ள பகுதியில் பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 2017-இல் வெளியானது. சில வௌவால்களில் ரேபிஸ் வைரஸை முறிக்கும் எதிர்ப்பொருள் இருந்தது. மூளைகளில் வைரஸ் கிடைக்கவில்லை. எதிர்ப்பொருள் என்பது அந்த உயிர் எப்போதோ இவ்வகை வைரஸ் ஒன்றைச் சந்தித்ததன் தடயம் மட்டுமே. எந்த வைரஸ், இப்போது பரப்புகிறதா என்பதை அது சொல்லாது. ஆகவே நாகாலாந்து முடிவு வலுவான ஐயம், தீர்ப்பு அல்ல.

உண்மையான சான்று மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில் கிடைத்தது. இலங்கையின் கண்டி மாவட்டத்தில் பேராதனைக்கு அருகிலுள்ள கன்னொறுவையின் பெயரைத் தாங்கிய புதிய லிஸ்ஸா வைரஸ் (ரேபிஸ் வைரஸையும் உள்ளடக்கிய பேரினம் இது) 2016-இல் அறிவிக்கப்பட்டது. இறந்தும் நோயுற்றும் கிடந்த பழந்தின்னி வௌவால்களின் மூளையிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டு, முழு மரபணு வரிசையும் படிக்கப்பட்டது. இந்த வௌவால் நம் ஆலிலும் மருதிலும் தொங்கும் அதே இனம். இந்த வைரஸ் ரேபிஸ் வைரஸின் நெருங்கிய உறவுக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதால், இப்போதுள்ள நாய்க்கடித் தடுப்பூசியே இதற்கும் காப்பளிக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆப்பிரிக்காவின் லாகோஸ் வௌவால் வைரஸ் போன்றவற்றுக்கு அந்தக் காப்பு இல்லை. எந்த வைரஸ் நம் ஊரில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது ஏட்டறிவு அல்ல, மருந்துக்கான அறிவு என்பது இதனால்தான்.

தேடும் முறையிலும் நல்லது கெட்டது உண்டு. வலைகட்டி, நலமாகப் பறக்கும் வௌவால்களைப் பிடித்து, ரத்தமும் உமிழ்நீரும் எடுப்பது ஒன்று. இதற்குச் செலவு அதிகம், பலன் குறைவு. நலமான கூட்டத்தில் வைரஸைச் சுமப்பவை மிக அரிது, பிடிப்பவருக்கும் ஆபத்து. செத்துக் கிடப்பதையும் தள்ளாடி விழுவதையும் சேகரித்து மூளையைச் சோதிப்பது மற்றொன்று. மூளைத் திசுவைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி, ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளை ஊற்றிக் கழுவுவார்கள். வைரஸ் இருந்தால் நுண்ணோக்கியின் கீழ் பச்சைப் புள்ளிகள் மின்னும். வெறிநாயின் மூளைக்குச் செய்யும் அதே சோதனைதான் இது. மின்னியது எந்த லிஸ்ஸா வைரஸ் என்று அறிய, அடுத்து மரபணு வரிசையைப் படிக்க வேண்டும். பிரிட்டன் 1980-களிலிருந்து இப்படித்தான் கண்காணிக்கிறது. பொதுமக்கள் அனுப்பும் செத்த வௌவால்களே அதன் மூலப்பொருள். ஆஸ்திரேலியா 1996-இல் தன் வௌவால் லிஸ்ஸா வைரஸைக் கண்டறிந்ததும் நோயுற்ற பழந்தின்னியிடம்தான். அந்த ஆண்டு முதல் 2025 வரை அங்கே நால்வர் அதற்குப் பலியாகியிருக்கிறார்கள்.

இத்தகைய கண்காணிப்புக்கு எதிரான வாதங்களையும் நேர்மையாக எடைபோட வேண்டும். முதல் வாதம் வலுவானது. இந்தியாவில் ரேபிஸ் சாவுகளில் ஏறக்குறைய எல்லாமே நாயால் வருபவை. தமிழ்நாட்டில் 2024-இல் மட்டும் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. 2030-க்குள் நாய்வழி ரேபிஸை ஒழிப்பது தேசிய இலக்கு. அந்த இலக்குக்கான பணத்தில் ஒரு பைசாவையும் வௌவாலுக்குத் திருப்பக் கூடாது என்பது சரியே. ஆனால் செத்த வௌவாலைச் சோதிக்கப் புதிய கட்டடமோ புதிய படையோ தேவையில்லை. நாயின் மூளையைச் சோதிக்கும் ஆய்வகமே போதும். தவிர, நாய்வழி ரேபிஸ் குறையக் குறைய, மிஞ்சும் ஒவ்வொரு சாவும் எங்கிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டிவரும்.

இரண்டாம் வாதம் அச்சம் பற்றியது. ‘வௌவாலில் ரேபிஸ்’ என்ற தலைப்பு நாளிதழில் வந்தால் மறுநாளே மரம் வெட்டப்படும், கோயில் பொந்துகள் அடைக்கப்படும். இந்தக் கவலை நியாயமானது. 2022-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்படும்வரை பழந்தின்னிகள் தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தவை. தாமிரபரணிக் கரையின் பழங்கோயில்களில் வாழும் சிறு வௌவால்கள் வயல் பூச்சிகளைத் தின்கின்றன; பழந்தின்னிகள் இலுப்பை விதைகளைப் பரப்புகின்றன. கூட்டத்தைக் கலைத்தால் அவை வேறிடங்களுக்குச் சிதறுமே தவிர வைரஸ் ஒழியாது. ஆனால் வாய்மூடி இருப்பதும் வௌவாலைக் காப்பாற்றாது. முதல் செய்தி வதந்தியாக வருவதைவிட, ‘தொடாதே, கொல்லாதே’ என்ற அறிவுரையோடு அறிவியலாகவே வரட்டும்.

நெல்லைக்கு இதில் தனித் தகுதி உண்டு. குறுமூக்குப் பழந்தின்னியின் ஆண், கொடிகளைக் கடித்து மடித்துக் கூடாரம் அமைப்பதைப் பாளையங்கோட்டைத் தூய யோவான் கல்லூரி ஆய்வாளர்கள் 1995-லேயே உலகுக்கு விவரித்தார்கள். சாராள் தக்கர் கல்லூரியின் ஜூலியட் வனிதாராணி களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பக வௌவால்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே எந்த இனம் தங்குகிறது என்ற அறிவும், உடற்கூராய்வு செய்யும் திறனும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் ஓர் அரசாணைதான் தேவை.

ஆகவே என் தீர்ப்பு இது. நலமான வௌவால்களைப் பெருமளவில் பிடித்துச் செய்யும் கண்காணிப்பு இங்கே வேண்டாம். செத்ததையும் விழுந்ததையும் சோதிக்கும் கண்காணிப்பு உடனே வேண்டும். அதன் முடிவு வரும்வரை, வௌவால் கடிக்கு ஊசி தேவையில்லை என்று எந்த ஆரம்ப சுகாதார நிலையமும் ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்லுங்கள். பல்லோ நகமோ பட்டுவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே தடுப்பூசிக்குச் செல்லுங்கள். அறிகுறி தோன்றிய பின் ரேபிஸுக்கு மருந்து இல்லை.